ஒரே டாங்கி, மூன்று அளவு

அத்தியாயம் 7

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் துப்பறியும் பரஞ்சோதிக்கு வயிறு எரிந்தது. பாதி எரிச்சலுக்கு வெறும் வயிற்றில் குடித்த காப்பி காரணம். மீதிப் பாதிக்குப் போலீஸ் நிலையம்தான் காரணம். ஆறு நாளில் நான்கு தடயங்களைத் துரத்தி, நான்கிலும் சுவரில் முட்டிக்கொண்டு திரும்பியிருந்தார். ஐந்தாவதை இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறார்.

"ஏறுங்கண்ணே. உள்ள என்ன சொன்னாங்க?" என்று காடியின் கதவைத் திறந்தார் ஹபீப் முகம்மது.

"பார்க்கலாம், தொடக்கூடாதுன்னாங்க பாய்."

"பண்டம் சுடும்போது என் சம்சாரமும் அதத்தான்லா சொல்லுவா. அவகிட்டகூட ரெண்டாவது தடவ கேட்டா ஒண்ணு கிடைக்கும்."

ஹபீப் சுங்கை பட்டாணியில் வாடகைக் காடி ஓட்டுகிறவர். பரஞ்சோதியிடம் காடி இல்லாத காரணத்தால் உதவியாளரானார், வாயை மூடத் தெரியாத காரணத்தால் அப்படியே நிலைத்துவிட்டார். பரஞ்சோதி பதினெட்டு வருஷம் தோட்டத்துக் கிராணியாக இருந்து, பொய்க் கணக்கு எழுத மறுத்து வெளியே வந்தவர். இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு வயது ஆகிறது.

ஐம்பத்திரண்டாம் ஆண்டு. மலாயாவில், கெடா முழுக்க அவசரகாலம். போன வெள்ளிக்கிழமை புக்கிட் லாலாங் ரப்பர்த் தோட்டத்தின் பதினாலாம் பிளாக்கில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகத் தோட்டத்து வில்காக்ஸ் துரை போன் செய்தார். ரோந்துப் படை ஓடிப் பார்த்தது. ஆள் யாரும் இல்லை. காட்டோரத்தில் வெள்ளை மணலைப் பரப்பி, அதன்மேல் மூன்று பொம்மை டாங்கிகளை யாரோ வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் ராணுவ வண்டிகளைத் தாக்கத் திட்டம் போட்ட இடம் அது என்று போலீஸ் முடிவு கட்டியது. அந்த வட்டாரத்தில் பொம்மை டாங்கி செய்யத் தெரிந்தவன் ஒருவன்தான். தோட்டத்துத் தச்சன் இருளப்பன். அன்று சாயங்காலமே அவனைத் தூக்கி உள்ளே போட்டார்கள்.

இன்று மாலை நாலு மணிக்கு அவனை லோரியில் ஏற்றிப் பினாங்குக்குக் கொண்டுபோகிறார்கள். நாளைக்குக் கப்பல், நாகப்பட்டினத்துக்கு நாடு கடத்த. நாலு வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து வந்தவனுக்கு அந்த ஊரில் ஒரு நாயைக்கூடத் தெரியாது. அவன் மனைவி செல்லாயி இங்கேயே, சிடாம் கிரியில் பிறந்தவள். புருஷன் கப்பல் ஏறிவிட்டால் இந்த ஜென்மத்தில் திரும்ப வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். பரஞ்சோதியின் அலுவலக வாசலில் வந்து நின்றவளும் அவள்தான். இருளப்பனை நேரில் பார்க்க யாருக்கும் அனுமதி கிடையாது. அவளுக்குக் கிடையாது, பரஞ்சோதிக்கும் கிடையாது.

"சரி, தொடாம என்ன பாத்தீங்க?" என்று கேட்டார் ஹபீப்.

"மூணு டாங்கி. ஏழு, எட்டு, ஒம்பதுன்னு நம்பர். மணல் கலரு, மேல சாம்பல் பட்டை. பட்டையோட ஓரம் கத்தியால வெட்டின மாதிரி இருக்கு. எப்படித் தெரியுமா? அந்த இடத்துல ரப்பர் பாலைத் தடவிக் காயவிட்டு, மேல பெயிண்ட் அடிச்சு, பாலை உரிச்சு எடுத்திருக்கான். ஒரு மூலையில தோல் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அப்ப பால் கிடைக்கிற ஆளுதான் செஞ்சிருக்கணும்."

"ஆமா."

"கெடாவுல பால் கிடைக்காத ஆளு யாருண்ணே? என் காடி சீட்டு கிழிஞ்சா நானே அதாலதான் ஒட்டுறேன்."

பரஞ்சோதி பல்லைக் கடித்தார். அந்த எண்ணம் அவருக்கும் வந்திருந்தது. அதனால்தான் எரிச்சல்.

"இன்னொண்ணு இருக்கு பாய். மேசையில தீப்பெட்டிய வச்சு அளந்தேன். பெரிசு ஒன்றரைத் தீப்பெட்டி நீளம். அடுத்தது ஒண்ணு. கடைசி அரை. மூணும் ஒரே டாங்கி. அதே சக்கரம், அதே மூடி, அதே குழாய். அளவு மட்டும் வேற வேற. எதுக்கு?"

"அப்பன், ஆத்தா, புள்ள."

"காடிய எடுங்க" என்றார் பரஞ்சோதி.

*

செமிலிங் பாதையிலிருந்து பிரிந்து, முள்வேலியும் மணல் மூட்டையும் தாண்டி, மேட்டின் மேல் இருந்தது துரையின் பங்களா. வில்காக்ஸ் துரை வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. சிவந்த முகம், நரைத்த மீசை. பரஞ்சோதியின் ஆங்கிலம் தன் ஆங்கிலத்தைவிடச் சுத்தமாக இருந்ததைக் கேட்டு முதலில் புருவத்தைத் தூக்கினார். டாங்கி என்ற பேச்சு வந்ததும் முகம் மலர்ந்து, பின்னறைக்கே அழைத்துப் போய்விட்டார்.

அறை முழுக்க ஒரே மேசை. மேசை முழுக்கப் பாலைவனம். காய்ந்த பசை மேல் தூவிய மணல், அட்டையில் செய்த குன்றுகள், நடுவில் இரண்டு படைகளாக அறுபது டாங்கிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டத்துத் துரை வருவாராம். இருவரும் தாயக்கட்டை உருட்டி, அளவுகோல் வைத்துத் தள்ளி, பத்து வருஷத்துக்கு முந்தைய சண்டையை மறுபடி நடத்துவார்களாம்.

"யாரு ஜெயிப்பாங்கன்னு கேளுங்க" என்று கிசுகிசுத்தார் ஹபீப்.

"சும்மா இருங்க பாய்."

துரை ஒன்றை எடுத்துப் பரஞ்சோதியின் உள்ளங்கையில் வைத்தார். ஜெலுத்தோங் கட்டையில் செதுக்கிய உடல், குடைக்கம்பியில் அறுத்த பீரங்கிக் குழாய், சைக்கிள் டியூப்பைக் கீறி ஒட்டிய சங்கிலி. மூடியைத் திருப்பினால் திரும்பியது. கட்டை வேலை இருளப்பனுடையது, வர்ணம் முழுக்கத் தன்னுடையது என்றார் துரை. சக்கரத்தில் சேறு மாதிரி ஒட்டியிருப்பது காப்பித்தூள். குழாய் வாயில் கருப்பாக இருப்பது விளக்குக் கரி. பட்டைகளுக்கு ரப்பர் பால். அதைச் சொல்லிக்கொடுத்தது இருளப்பன். பரஞ்சோதி தன் கோபத்தை மறந்து ஒரு நிமிஷம் அந்தச் சின்னஞ்சிறு வேலையை ரசித்தே விட்டார்.

பிறகு தீப்பெட்டியை எடுத்து வைத்தார். ஒன்றரைத் தீப்பெட்டி. அடுத்ததையும் அளந்தார். அதுவும் ஒன்றரை. பத்து டாங்கிகளை அளந்தார். எல்லாமே ஒன்றரை.

"எல்லாம் ஒரே அளவா இருக்கே?"

"இருக்கத்தானே வேண்டும்! அளவு தப்பினால் அது பொம்மை. அளவு சரியாக இருந்தால்தான் அது சரித்திரம். ஒரு நூல் தப்பினாலும் அடுப்பில் போடச் சொல்லிவிடுவேன்" என்றார் துரை.

"அப்படியானால் போலீஸிடம் இருக்கும் அந்தச் சிறிய இரண்டு?"

துரையின் கை மேசை விளிம்பில் நின்றது.

"இருளப்பன் எனக்குத் தெரியாமல் செய்தது. பாவம், நல்ல வேலைக்காரன். பணத்துக்கு ஆசைப்பட்டிருப்பான்."

"துப்பாக்கிச் சத்தத்தை நீங்கள் எங்கேயிருந்து கேட்டீர்கள்?"

"இதே வராந்தாவிலிருந்து. பகல் பதினோரு மணி. நான்கைந்து வேட்டு. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும் மிஸ்டர் பரஞ்சோதி. வட ஆப்பிரிக்காவில் அதைக் கேட்டுக்கொண்டுதான் காலைச் சாப்பாடே சாப்பிட்டேன்."

அதோடு பேச்சு முடிந்தது. சமையல்காரன் வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"அஞ்சாவது சுவரு" என்றார் ஹபீப், காடியை முடுக்கிக்கொண்டே. "மண்ட வலிக்குதாண்ணே?"

"மண்ட வலிக்கல. அந்த ஆளு மூஞ்சில ரெண்டு விடலயேன்னு கைதான் வலிக்குது."

"எதுக்கு? மரியாதையாத்தான பேசுனாரு?"

"'பாவம்'னு சொன்னாரு பாருங்க, அதுக்கு."

*

பதினாலாம் பிளாக்குக்குச் செல்லாயிதான் வழி காட்டினாள். பால் வெட்டி முடித்து, தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் முன்னால் நடந்தாள். பன்னிரண்டு மணிக்கு மேல் அங்கே நின்றால் யாராக இருந்தாலும் சுடலாம் என்று உத்தரவு. பரஞ்சோதியின் கைக்கடிகாரம் பதினொன்றேகாலைக் காட்டியது.

பழைய மரங்களை வெட்டிச் சாய்த்துப் புதுக் கன்று நடக் காத்திருந்த வெட்டவெளி அது. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் வெட்டாமல் விட்ட பழைய ரப்பர் மரங்கள். ஓடையிலிருந்து அள்ளிய வெள்ளை மணல், ஒரு பாய் அகலத்துக்குப் பரப்பியபடியே கிடந்தது. மேலே காய்ந்த சருகும் ரப்பர்க் கொட்டையும் விழுந்திருந்தன.

"உங்க வீட்டுக்காரரு இங்க வந்திருக்காராம்மா?"

"அவருக்கு இங்க என்னண்ணே சோலி? காலையில பங்களா தச்சுக்கொட்டாயில ஏறுனா பொழுது சாய்ஞ்சுதான் எறங்குவாரு. அங்க நடக்குறத வீட்ல பேசக்கூடாதுன்னு தொரை சத்தியம் வாங்கியிருக்காரு. எங்கிட்டகூட வாயத் தெறக்க மாட்டாரு."

பரஞ்சோதி மணலைச் சுற்றி வந்தார். அலுத்துப்போய்க் குந்தி உட்கார்ந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. மணல் பரப்புக்கு நாலடி தள்ளி, மண்ணில் மூன்று சின்ன ஓட்டைகள். முக்கோணமாக, ஒன்றுக்கொன்று ஒரே தூரத்தில் இருந்தன.

"பாய், இது என்ன?"

"மூணு கால் புலி" என்றார் ஹபீப். "ரொம்பக் கெட்டது. நடக்கவே..."

டப்!

ஹபீப் வாக்கியத்தை முடிக்கவில்லை. குப்புற விழுந்து மணலில் மூக்கைப் புதைத்துவிட்டார். டப்! டப்! பரஞ்சோதி ஒரு கட்டைக்குப் பின்னால் பதுங்கினார்.

செல்லாயி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். ஆறு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"பாய்... எந்திரிங்க பாய். கொட்ட வெடிக்குது. உச்சி வெயில்ல காய் வெடிச்சுக் கொட்ட தெறிக்கும். காடி ஓட்டுறவங்களுக்கு என்ன தெரியும்?"

"காய்க்கு இவ்ளோ சத்தமாலா!" என்று எழுந்தார் ஹபீப், மூக்கில் மணலோடு. "நான் கலிமாவே சொல்லிட்டேன்."

பரஞ்சோதி சிரிக்கவில்லை. தோட்டத்தில் பதினெட்டு வருஷம் இருந்தும் ஆபீஸ் நாற்காலியை விட்டு இறங்காத குற்றத்துக்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு மேட்டைப் பார்த்தார். பங்களா இங்கிருந்து ஒன்றரை மைல். இந்தச் சத்தம் அங்கே எட்ட வழியே இல்லை.

"பாய், துரை கேட்டது துப்பாக்கி இல்ல, இதுதான். ஆனா வராந்தாவுல நின்னு கேக்கல. இங்க நின்னு கேட்டாரு. கேட்டதும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிட்டாரு."

"இங்க அவருக்கு என்ன வேல?"

"மூணு கால்ல நிக்கிறது கேமராவும்தான். பெரிய டாங்கி பக்கத்துல, நடு டாங்கி கொஞ்சம் தள்ளி, சின்னது கடைசியில. படத்துல பாத்தா சின்னது அரை மைல் தூரத்துல வர்ற மாதிரி தெரியும். மணல், டாங்கி, பின்னால வெறும் வானம். அசல் பாலைவனம்! பங்களாத் தோட்டத்துல எடுத்தா வேலைக்காரங்க பாத்துருவாங்க. அதான் இங்க வந்திருக்காரு."

"சரிண்ணே, படம் எங்க?"

அதுதான் தெரியவில்லை. பரஞ்சோதி காலால் ஒரு மண்ணாங்கட்டியை எட்டி உதைத்தார். அது கல்லாக இருந்தது.

*

ஒன்றரை மணிக்குப் போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் பக்கிரிசாமி முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடித்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். வெளியே வளவில் லோரி நின்றது. இரண்டு கான்ஸ்டபிள்கள் அதன் பின்கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொட்டை வெடிச்சதுக்குத் தொரை ஓடுனாரா? யோவ் பரஞ்சோதி, அவரு யாருன்னு தெரியுமாய்யா? ஆப்பிரிக்காவுல டாங்கிப் படையையே நடத்துன ஆளு! அவரு படையோட படம் சூப்ரண்ட் ரூம்ல தொங்குது. போன மாசம் அவர் கையால குடுத்தது. வா, காட்டுறேன். பாத்துட்டு வாய மூடிக்கிட்டுப் போ."

பக்கிரிசாமிக்கு மேலதிகாரியான சூப்ரண்ட் துரை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பக்கிரிசாமி அறையைத் திறந்தார். ஹபீப் பின்னால் நுழைந்தார். செல்லாயி வாசற்படியிலேயே நின்றாள்.

சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், படம். வெள்ளை மணலில் மூன்று டாங்கிகள் வரிசையாக வருகின்றன. முன்னால் பெரிதாக ஒன்று, நடுவில் ஒன்று, தொலைவில் பொட்டாக ஒன்று. ஏழு, எட்டு, ஒன்பது. அடியில் துரையின் கையெழுத்து: 'என் படை. லிபியா, 1942.'

பரஞ்சோதி அந்த எண்களின் மேல் விரலை வைத்தார்.

"அதே நம்பரு பாத்தீங்களா இன்ஸ்பெக்டர்?"

"அதுல என்ன? தச்சன் இந்தப் படத்தப் பாத்துத்தான் காப்பி அடிச்சிருப்பான். நம்பரையும் சேத்து."

ஆறாவது சுவர். அதுவும் கருங்கல் சுவர். மணி இரண்டாகப் போகிறது, கையில் ஒன்றும் இல்லை. அந்தக் கண்ணாடியை உடைத்துவிடலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"ஆப்பிரிக்காவுலயும் பால்மரம் இருக்காண்ணே?" என்று வாசலிலிருந்து கேட்டாள் செல்லாயி.

"இல்லம்மா, அது பாலைவனம். ஏன்?"

"அந்த வண்டிச் சக்கரத்துகிட்ட நம்ம கொட்ட கெடக்கே."

மூன்று ஆண்களும் படத்தை நெருங்கினார்கள். முதல் டாங்கியின் சக்கரத்தை ஒட்டி ஒரு பாறை. பார்க்கிறவர்கள் எல்லாரும் பாறை என்றே நினைத்திருப்பார்கள். வழவழவென்று, முட்டை வடிவில், மேலெல்லாம் கருப்பும் வெளுப்புமாகக் கோடு கோடாகப் புள்ளிகள். தினமும் காலையில் அதை மிதித்துக்கொண்டே நடக்கிறவளுக்கு அது பாறை ஆகுமா?

பரஞ்சோதி ஹபீபின் சட்டைப் பையில் கைவிட்டார். பதினாலாம் பிளாக்கில் விழுந்து எழுந்தபோது உள்ளே போன மணலும் ஒரு கொட்டையும் இருந்தன. கொட்டையைத் தீப்பெட்டியோடு சேர்த்து வைத்தார். சரியாகப் பாதி.

"அரைத் தீப்பெட்டி. போலீஸ் கையில இருக்கிற பெரிய டாங்கி ஒன்றரை. கொட்டை அதுல மூணுல ஒரு பங்கு. இப்ப படத்த அளங்க இன்ஸ்பெக்டர். நீங்களே அளங்க."

பக்கிரிசாமி பென்சிலை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றில் ஒரு பங்கு.

"ஒண்ணு இந்த டாங்கி கையகலம்தான் இருக்கணும்" என்றார் ஹபீப். "இல்ல, லிபியாவுல ரப்பர்க் கொட்ட மாட்டு வண்டி சைஸ்ல காய்க்கணும்."

"என்ன நடக்கிறது இங்கே?" வாசலில் சூப்ரண்ட் துரை.

பரஞ்சோதி சுற்றி வளைக்கவில்லை. ஐந்தே நிமிஷம். கொட்டை, தீப்பெட்டி, மூன்று ஓட்டை, ஒன்றரை மைல். சூப்ரண்ட் துரை படத்தைப் பார்த்தார், கொட்டையைப் பார்த்தார், போனை எடுத்தார். அந்தப் பக்கம் வில்காக்ஸ் முதலில் உரக்கப் பேசினார். பிறகு மெதுவாகப் பேசினார். பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சண்டைக்காலம் முழுக்க அவர் லிவர்பூலில் ஒரு கம்பளிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இங்கே வந்து கிளப்பில் ஒரு நாள் வாய்தவறிச் சொன்ன பொய் வளர்ந்து, படம் கேட்கும் வரைக்கும் போய்விட்டது. இன்னும் பெரிய படம் கிளப்பு கேட்டதால் போன வெள்ளி மறுபடி போனாராம். பொம்மைகள் தன்னுடையவை என்று ஒப்புக்கொண்டால் மானம் போகும். அதற்கு இருளப்பன் நாகப்பட்டினம் போவது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

சூப்ரண்ட் துரை படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, மேசை இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டார். "இது கிளப்பில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். தச்சனை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியோடு வெளியே போனார்.

*

இருளப்பனைக் கொண்டுவந்தார்கள். ஆறு நாள் தாடி, கண்ணுக்குக் கீழே வீக்கம். செல்லாயி அவன் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவே இல்லை.

பக்கிரிசாமியின் மேசையில் மூன்று டாங்கிகளும் இருந்தன. இருளப்பன் சின்னதை எடுத்துக் குழாயை நிமிர்த்திவிட்டான்.

"யாருக்குச் செஞ்சதுன்னு எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?" என்று பரஞ்சோதியைக் கேட்டான்.

பரஞ்சோதிக்கு ஆறு நாள் அலைச்சலுக்கும் சேர்த்து ஒரு பெருமிதம் வந்தது. தீப்பெட்டியில் ஆரம்பித்தார். இருளப்பன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"அவ்ளோ கஷ்டம் எதுக்கு சார்? நான்தான் மொத நாளே சொல்லிட்டேனே. போட்டோ எடுக்கத் தொரைதான் மூணு அளவுல செய்யச் சொன்னாருன்னு. சத்தியம் பண்ணியிருந்தேன், இருந்தாலும் உசிராச்சேன்னு சொல்லிட்டேன். இந்தா, இந்த அய்யாகிட்டதான்."

ஹபீப் பக்கிரிசாமியைத் திரும்பிப் பார்த்தார்.

பரஞ்சோதி மேசையின் மேல் இருந்த வழக்குக் கோப்பை இழுத்துத் திறந்தார். யாரும் தடுக்கவில்லை. முதல் நாள் வாக்குமூலம், ஒரு பக்கம், பக்கிரிசாமியின் அழகான கையெழுத்து. 'பொம்மைகளைச் செய்தது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.' அதோடு நின்றது.

"சொன்னானா இன்ஸ்பெக்டர்?"

பக்கிரிசாமி கோப்பைத் தன் பக்கம் இழுத்து மூடினார்.

"சொன்னான். அதுக்காகத் தொரை பேரை எப்படிய்யா எழுதுறது? அவரே போன் பண்ணின கேஸு. எழுதி மேல அனுப்பினா என்னைய என்ன நெனைப்பாங்க?"

"ஒரு மனுசன் கப்பல் ஏறப் போறான்! ஆறு நாள்! ஒரு வரி எழுதியிருந்தா..." பரஞ்சோதி மேசையை ஓங்கித் தட்டினார். எந்தத் திருடனிடமும் அவருக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. இந்த ஆளை அடிக்கவும் முடியாது. இவர் எழுதாமல் விட்டதைக் குற்றம் என்று சொல்ல எந்தச் சட்டமும் இல்லை.

பக்கிரிசாமி விடுதலைச் சீட்டை எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். செல்லாயி அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பரஞ்சோதியிடம் கொடுத்தாள்.

"என்னண்ணே எழுதியிருக்கு?"

"'போதிய ஆதாரம் இல்லாததால் விடுவிக்கப்படுகிறார்.'"

"பொம்ம தொரையோடதுன்னு இருக்கா?"

"இல்லம்மா."

"இப்பவுமா?"

அவள் கேட்டது பரஞ்சோதியிடம் அல்ல. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை நேராகப் பார்த்துக் கேட்டாள். பக்கிரிசாமி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.